பதினேழு காளான் அடிகள்

பெர்ஜினே கிராமம்,
செப்டம்பர் 14, ஞாயிறு, காலை 11.40. வெட்டப்பட்ட காளான்கள்: பதினேழு.

ருகிலே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்த நார்வே குளிரில் ஒன்றும் இருக்கக்கூடாது. விஷயத்துக்கு வருகிறேன். நம் இடத்துக்கு, அந்தக் கோணல் பைன் மரத்துக்குப் பின்னால் போனேன், ஒரு காளான் இல்லை, பாசியை விலக்கி எண்ணினால் பதினேழு அடித்தண்டு, எல்லாம் கத்தியால் நேராக வெட்டி மேலே பாசி போர்த்தியிருக்கிறது, நான் உனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த மாதிரியே. பிடுங்கிப் போட்டிருந்தால் எவனோ திருடன் என்று திட்டிவிட்டு வந்திருப்பேன். கடைக்குப் போனால் உன் அம்மாவின் புதுப் புருஷன் கெஸ்டாஸ் நிற்கிறார், மூன்று வாரமாகக் காலிக் கூடையோடு திரும்பி ஊர்ச் சிரிப்புக்கு ஆளானவர், இன்று கூடை வழிகிறது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "எம் பொண்ணுதான்யா போன்ல வழி சொன்னா" என்கிறார். எம் பொண்ணாம்! கடைக்காரி தனுட்டே வேறு, "என்ன வைதோதாஸ், உன் மாட்டுக்குப் பால் கறக்குற மிஷினுக்குக்கூடப் பூட்டு போடத் தெரிஞ்ச உனக்குக் காட்டுக்குப் போடத் தெரியலையே" என்று சிரிக்கிறாள். பரிதாபப்பட்டுச் சொல்லியிருப்பாய், தெரியும். ஆனால் காளான் இடத்தை இந்த ஊரில் கூடப்பிறந்தவனுக்கே சொல்லமாட்டார்கள், நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, உனக்கு ஆறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அந்தக் காளானைக் காயவைத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்குக் கொழுக்கட்டை செய்யப்போகிறாராம், நீ அங்கேதான் சாப்பிடுவாயாம், கடையில் எல்லார் காதிலும் விழச் சொல்கிறார். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறாமைதான், மூடி மறைக்க எனக்கு வராது. நீ என்னிடம் ஞாயிறுகளில் ஐந்து நிமிடம் பேசுகிறாய், அவருக்குக் காட்டு வழியே சொல்கிறாய் என்றால் எவ்வளவு நேரம் பேசியிருப்பாய்?

கம்பளிக் காலுறை போடு, ஈரச் சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு ஊர் வர விடுப்பு எழுதிக்கொடுக்க மறக்காதே. நான் செய்யப்போவது:

1. அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கே காட்டுக்குப் போவேன். அவர் ஏழுக்கு முன் எழமாட்டார்.
2. புது இடம் கண்டுபிடிப்பேன். போனில் சொல்லமாட்டேன், நீ வந்தால் கூட்டிப்போவேன்.
3. டிசம்பர் 24 அன்று உனக்குத் தட்டு வைப்பேன். செத்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அன்றிரவு நாம் வைக்கும் வெறும் தட்டு அல்ல, சூடாகப் பரிமாறிய தட்டு.
4. நீ அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தால் கோபப்படமாட்டேன். இது ஒன்று மட்டும் என்னால் முடியுமா தெரியவில்லை.

உன் அப்பா
வைதோதாஸ்