உன் முகத்துக்கு இறங்கிய காக்கைகள்

நேற்று அமாவாசை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்ததும் பழைய ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே உன் முகம். மூக்கு கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் அந்த அரைச் சிரிப்பு அப்படியே இருந்தது. நீ செத்த பிறகு உன் தம்பி, "இது உங்க ஆராய்ச்சி சாமான்" என்று கொண்டுவந்து கொடுத்த முகமூடி. அன்றே குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். உனக்கு எழுத மனசு வரவில்லை. எனக்கு உன் மேல் கோபம்.

ஒரே வகுப்பில் விலங்கியல் படித்தோம். நீ கல்மண்டபத்து மளிகைக் கடைக்காரர் மகன், நான் படகுக்காரர் மகள். காக்கை மனித முகத்தை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்று நீ ஆராய்ச்சி தொடங்கியபோது என்னையும் சேர்த்துக்கொண்டாய். மீன்பிடித் துறைமுகத்து ஓரம் சோற்றைத் தூவி, இறங்கும் காக்கைகளை வலை போட்டுப் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி விட வேண்டும். பிடிக்கிறவர் முகமூடி போட்டுக்கொள்வதுதான் முறை. காக்கையின் பகை முகமூடியோடு போய்விடும். ஆனால் முகமூடி செய்து வரத் தாமதமானது. உனக்குப் பொறுக்கவில்லை.

"உன் மூஞ்சியோடவே புடிமே. நான் தெனம் தீனி வெக்கிறேன். உன்து கெட்ட மூஞ்சி, என்து நல்ல மூஞ்சி. அவ்ளோதான் சோதனை" என்றாய்.

"அப்பாலிக்கா அதுங்க என்ன துரத்திகினே இருந்தா?"

"ஒரு வருசத்துல மறந்துடும்மே. காக்காதானே."

காக்கை மறக்காது என்று காட்டத்தான் அந்த ஆராய்ச்சியையே தொடங்கியிருந்தாய். அதே வாயால்தான் என்னிடம் மறந்துவிடும் என்றாய்.

பிறகு நான் மீன் ஏலக் கூடத்தில் கால் வைத்தாலே தலைக்கு மேல் கூட்டம் கூடிக் கத்தும். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் நடக்க முடியாது. "காக்காக்கு இவ மேல இன்னா காண்டு பாரேன், போன ஜென்மத்து மாமியாரா?" என்று மீன்காரிகள் சிரிப்பார்கள். ஒருநாள் ஒன்று உச்சியில் கொத்தி ரத்தம் வழிந்தது. கையால் பொத்திக்கொண்டு நின்றேன். நீ கேமராவோடு ஓடிவந்தாய்.

"கொத்துனதுக்கு வளையமே இல்ல, பாத்தியா? இந்த வருசத்துக் குஞ்சுமே அது. ஆத்தாக்காரி சொல்லிக் குடுத்துகீது."

உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. துடைக்க ஒரு கைக்குட்டைகூட நீ நீட்டவில்லை.

கடைசியில் முகமூடிகளும் வந்தன. என் முகம் ஒன்று, உன் முகம் ஒன்று. யார் யாருக்கோ மாட்டி நடக்கவிட்டாய். என் முகத்தைக் கண்டு காக்கைகள் கத்தின. உன் முகத்தைக் கண்டதும் காலடியில் வந்து உட்கார்ந்தன. கருத்தரங்கில் கை தட்டினார்கள். அதன்பின் நீ துறைமுகத்துப் பக்கமே வரவில்லை. என் வீடு அங்கேதான் இருக்கிறது.

என் நைனா செத்த பிறகுதான் நீ செய்தது முழுசாகப் புரிந்தது. அமாவாசையன்று எங்கள் வீட்டில் மீன் கிடையாது. வாழைக்காயும் சாம்பாரும் செய்து, மொட்டை மாடிச் சுவர் மேல் இலையில் வைத்துக் கூப்பிட வேண்டும். காக்கை தொட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். முட்டி வலியால் அவளால் படி ஏற முடியாது. பக்கத்து வீட்டுக்காரியை வைக்கச் சொன்னால், "பெத்த பொண்ணு கல்லு மாதிரி நிக்கசொல்ல அவ இன்னாத்துக்கு?" என்பாள் அம்மா. நான் வைத்தால் காக்கைகள் சுற்றி உட்கார்ந்து கத்தும், ஒரு பருக்கையையும் தொடாது. என் கைச் சோறு என்றால் அவற்றுக்கு வலை.

நேற்றும் அப்படித்தான். மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா சர்க்கரைக்காரி, காலையிலிருந்து வெறும் வயிறு. கீழே சுவரில் சாய்ந்திருந்தாள். சாப்பிடும்மா என்று கெஞ்சினேன்.

"உங்க நைனாவுக்கு உம்மேல இன்னாடி அவ்ளோ கோவம்? இன்னா பண்ண அவர?" என்று கேட்டு அழுதாள்.

பரணில் ஏறினேன். பெட்டியோடு மாடிக்குப் போய் உன் முகத்தை மாட்டிக்கொண்டேன். உள்ளே வேர்த்துக் கொட்டியது. பழைய இலையை எடுத்துவிட்டுப் புதிதாய் வைத்தேன். கத்தல் நின்றது. முதலில் சாயம் போன வளையத்தோடு ஒரு கிழக் காக்கை இறங்கியது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. என் அப்பாவின் சோற்றை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றன. உன் சிரிப்புக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன்.

முகமூடியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு இறங்கினேன். அடுத்த அமாவாசைக்கும் அது வேண்டும். அம்மாவுக்கு இலை போட்டேன். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க நைனாவுக்குக் கோவம் போச்சாடி?"

"போச்சிம்மா" என்றேன்.

எனக்குப் போகவில்லை.