சரக்குத்தூளும் ஒரு கந்தக அணுவும்

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
25.03.1990

அன்புள்ள மகள் சிவகௌரிக்கு,

இங்கே நானும் உன் அண்ணை பாஸ்கரனும் சுகம். நீயும் மருமகனும் சுகமென நம்புகிறேன் என்று வழக்கம்போல எழுதிவிட இந்த முறை கை வரவில்லை, அதனால் சுகமாகி வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தை மாதம் விம்பிள்டன் கோயிலில் பாலாம்பிகை அக்கா என்னைக் கேட்டதாக நான் எழுதியது உனக்கு நினைவிருக்கும். “உங்கட மகள் சுவீடனில என்னதான் படிக்கிறா ரீச்சர், வருத்தம் மாத்துற படிப்போ?” என்றார். காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவள், கையிலிருந்த பொங்கல் புக்கையை அவரிடம் நீட்டி, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கே உனக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கும் உன் பதிலுக்கும் இடையில்தான் அது நடந்தது, உன் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை தங்காமல் போனது. நான் புறப்பட்டு வருகிறேன் என்றதற்கு, வரவேண்டாம், ஒன்றுமில்லை, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னாய். போன கிழமை உன் கடிதம் வந்தது. பக்கம் பக்கமாகப் பற்றீரியாக் கிருமிகளைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, முதலில் நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். உயிர்க்கலத்துக்குள்ளே புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இருக்கின்றன. டி.என்.ஏ.யைப் பார்த்து அவை எழுத்தெழுத்தாகப் பிரதி எடுக்கப்பட்ட பிறகு கலம் அவற்றில் அங்கங்கே சிறு இரசாயன மாற்றங்கள் செய்கிறது. உன் பற்றீரியாவில் ஓரிடத்தில் ஒட்சிசன் அணுவை எடுத்துவிட்டு ஒரு கந்தக அணுவை வைத்திருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா ஒளி பட்டால் அந்தக் கந்தகம் உள்ள இடம் பக்கத்து எழுத்து ஒன்றோடு பிணைந்துகொள்ள, மூலக்கூறு கோணலாகிவிடுகிறது, அதன்பின் சுமை ஏற்ற ஏலாது. வெறுமையாக நிற்கும் இந்தச் சுமைகாவிகள் கூடக்கூட, கலம் ஆபத்தை அறிந்து வளர்வதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுகிறது. இதற்கு நான் முதலில் மெற்றோபொலிற்றன் லைனில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் ரயிலை உதாரணமாக நினைத்தேன். பாஸ்கரன் அது சரிவராது என்றான், ரயிலுக்கு வெளியில் இருந்து ஆரோ சொல்கிறான், இங்கே சுமக்கிற வண்டியே அல்லவா சொல்கிறது என்றான். அவன் சொன்னது சரி. பிறகு பக்கத்து வீட்டுப் பீற்றர் சமையல் குசினியைப் பெருப்பித்துக் கட்டுவிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நல்ல உதாரணம் கிடைத்தது. செங்கல் கொண்டுவரும் தள்ளுவண்டிலின் சில்லு கோணிப்போனது. கல் வரவில்லை என்று கண்டதும் மேசன் சீமெந்து குழைக்கிறதை நிறுத்திவிட்டுப் போய்த் தேநீர் குடித்தான். குழைத்திருந்தால் எல்லாம் இறுகிப் பாழாகியிருக்கும். சில்லுச் சரியானதும் சுவர் மறுபடி எழும்பத் தொடங்கியது. இந்த உதாரணம் பொருந்துகிறதா என்று எழுது.

இதையெல்லாம் பாலாம்பிகை அக்காவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பூச்சியளுக்கு நிக்க வேண்டிய இடத்தில நிக்கத் தெரியுது, எங்கட பிள்ளையளுக்குத்தான் தெரியாது” என்றார். உன்னை நினைத்துச் சொல்லவில்லை, இரண்டு ஷிப்ட் செய்கிற தன் மகனை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதற்கு முதல்நாள்தான் மருமகன் யோகலிங்கம் தொலைபேசி எடுத்திருந்தார். உனக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நான் சொல்கிறேன், அவரோடு கோபிக்காதே. “மாமி, அவ நிக்கிறாவில்லை. அழுறாவும் இல்லை. விடியப் போனால் இருட்டினாப் பிறகுதான் வாறா, நேற்றுப் படியில தலை சுத்தி விழுந்திட்டா” என்றார்.  

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அன்றைக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தக் கந்தகம் வைக்கத் தெரியாத ஒரு வகைப் பற்றீரியாவும் இருக்கிறது, அது மெல்லிய ஒளியில் நிற்காமல் வளரும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் பலமானது போலத் தெரியும், ஒளி கடுமையானால் அதுதான் கூடுதலாகச் சாகிறது என்று எழுதியிருந்தாய். பிள்ளை, நான் உன்னைப் பற்றீரியாவோடு ஒப்பிடவில்லை. உதாரணத்தை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அறுந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். கலம் துக்கப்படுவதில்லை, நீ படுகிறாய். ஆனாலும் நிற்பது தோற்பது அல்ல என்று எனக்கு எழுதிக் காட்டியது நீதான், நான் அல்ல.

இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் துடக்குத் தீட்டுக் கழியும்வரை ஒரு வேலையும் இல்லை, சரக்குத்தூள் போட்டுப் பத்தியக்கறி வைத்துக் கொடுத்து, படுக்கவைத்துப் பார்ப்பார்கள். பிள்ளை தங்காமல் போனவளுக்கு ஒருவரும் சரக்கு இடிப்பதில்லை. தொட்டில் இல்லையென்றால் பத்தியமும் இல்லை என்று ஆர் வைத்தார்களோ தெரியாது. உடம்பு அதை அறியுமா? உன் உடம்பு ஐந்து மாதம் சுமந்தது. நீயும் பிள்ளை பெற்றவள்தான். அதனால் நேற்று இங்கேயுள்ள கடையில் கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்புச் சுக்கு எல்லாம் வாங்கி, வறுத்து அரைத்தேன். வாசம் மதிலைத் தாண்டிப் போய், பீற்றர் எட்டிப் பார்த்து ஏதும் எரிகிறதா என்று கேட்டார். மகளுக்கு மருந்து என்றேன், தலையாட்டிவிட்டுப் போனார். தூளை இரண்டு பையில் இறுக்கிக் கட்டி இதோடு பார்சலில் அனுப்புகிறேன். நான் வரவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் ஒரு சொல் போதும். விசாவுக்கு வேண்டியதைப் பாஸ்கரன் விசாரித்து வைத்திருக்கிறான். மருமகனுக்கும் ஆறுதல் சொல், இழந்தது அவரும்தான்.

பிள்ளையார் உன்னை மடியில் வைத்துப் பார்க்கட்டும், உனக்கும் மருமகனுக்கும் நல்ல நித்திரை வரட்டும். வருகிற சனிக்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போகாதே. இந்தத் தூளில் உள்ளிப்பூண்டு நிறையப் போட்டு மருமகனைக் கறி வைக்கச் சொல்லி, சுடச்சுடச் சோற்றோடு சாப்பிட்டுவிட்டுப் படு, அழுகை வந்தால் அழு.

என்றும் உன்,
அம்மா
கனகவல்லி