ஒரே படத்தில் விழுந்த கற்கள்

செவ்வாய், இரவு.

எங்கள் பல்கலைக்கழக உலக சுகாதாரத் துறை இனி எதற்கு முன்னுரிமை தருவது என்று கல்வராயன் மலையில் ஓர் ஊரைக் கேட்கப் போனோம். நோய்கள், பிரசவம் என்று படங்களை விரித்து, எது முக்கியமோ அதில் வைக்கச் சொல்லி ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தோம். மரியாதைக்காக ஊர்ப்பெரியவரை முதலில் வைக்கச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரை, அந்தப் படத்தில் வைத்தார். பிறகு எல்லாரும் அதிலேயே வைத்தார்கள். பிரசவப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த செல்வி என்ற பெண்ணும்தான்.

ஏனம்மா என்று கேட்டேன்.

"அவரு வெச்சப்புறம் நாங்க மாத்தி வெக்கலாமாங்க?"

திரும்பும்போது ஜீப்பில் துறைத்தலைவருக்கு ஒரே பூரிப்பு. "ஊரே ஒண்ணா சொல்லிடுச்சு பாருங்க. இனிமே அஞ்சு வருஷம் சர்க்கரைதான்."



கள்ளக்குறிச்சியில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் அந்த மலை ஊருக்கு வண்டி ஏறாது. செல்விக்கு நிறைமாதம்.