எந்த மாரியாயி?

இன்று காலை கடைக்குப் புதுத் தட்டுகள் அடிக்க ஆசாரி வந்திருந்தார். பின்கட்டில் அடுப்பு மூட்டி அவர் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ச்சத் தொடங்கியதும், அந்த வாடை பனிமூட்டத்தோடு கலந்து முன்கடைவரை வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் காரணமில்லாமல் எழுந்து நின்றேன். வெளியே அட்டன் கடைவீதி கரைந்து கிடந்தது. எதிர்க் கடையைக்கூடக் காணவில்லை. அந்த வெண்மைக்குள் எங்கோ நின்றுகொண்டு, "கிண்டுடா, அடிபிடிக்குது" என்று நீ அதட்டுவது போலிருந்தது.

பள்ளி நாட்களில் நாமும் வஜ்ஜிரமும் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சித் தகரத் தட்டில் ஊற்றி ஆறவைப்போம். அது பாலாடை போல் உறையும். ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால் எழுத்து தட்டில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்கவேண்டியதுதான். முதல் பிரதிகள் கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று வரும். போகப் போக வெளுத்துக்கொண்டே போய், கடைசிப் பிரதியில் யாரோ மூச்சுவிட்டுக் கலைத்த மாதிரி ஒரு நிழல் மட்டும் இருக்கும். நம் பள்ளிக்கூடப் பத்திரிகை அப்படித்தான் பிறந்தது. செய்தி எழுதுவது என் வேலை. அதைத் திருத்துவது உன் வேலை. திருத்துவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் எழுதியதில் பாதியை நீ பென்சிலால் அடித்துவிடுவாய்.

"இங்க 'மக்கள் திரண்டனர்'னு எழுதியிருக்கியே, எத்தன பேர்டா திரண்டாங்க?"

"நெறைய பேர்."

"நீ எண்ணுனியா?"

இல்லை என்றால் அந்த வரி போய்விடும். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் மறுநாள் அதே தாளைப் படிக்கும்போது, நீ அடித்த இடங்களில் காற்று வந்து போவது போலிருக்கும்.

அந்த ஐப்பசி மழை உனக்கு நினைவிருக்குமா என்று கேட்க வாய் வருகிறது. நாள் கணக்கில் விடாமல் பெய்த மழை. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயத்தின்மேல் விழுந்துவிட்டதென்று சேதி வந்தது. எங்கள் கடைக்கு அரிசி வாங்க வந்த ஒருவர் ஐந்து பேர் செத்தார்கள் என்றார். அவர் போனதும் வந்தவர் இருபது என்றார். எல்லோரும் ஒத்துச் சொன்ன ஒரே விஷயம், செத்தவர்களில் மாரியாயி என்றொருத்தி இருக்கிறாள் என்பது. நான் கடையிலேயே ஒரு தாளை எடுத்து, 'மலைமகள் சினந்தாள்' என்று ஆரம்பித்துவிட்டேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"மலை சினந்தத நீ பாத்தியா? வா, போய்ப் பாத்துட்டு வருவோம்."

மாவும் பருப்பும் ஏற்றிக்கொண்டு நோர்வூட்டுக்குப் போன என் அப்பாவின் லாரியில் தொற்றிக்கொண்டோம். பாதி வழியில் இறங்கி மலையேறி நடந்தோம். அந்த நடை நினைவில் ஒரு கனவாகத்தான் இருக்கிறது. தேயிலைச் செடிகள் நம் காலடியில் முளைத்து, நாலு எட்டுக்கு அப்பால் மறைந்தன. தண்ணீர் எங்கிருந்தெல்லாமோ பேசிக்கொண்டு ஓடியது, ஒரு ஓடையும் கண்ணில் படவில்லை.

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில், வீடிழந்தவர்கள் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். நீ அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, "ஒங்க பேரு என்னங்க அக்கா?" என்று கேட்டாய்.

"மாரியாயி."

கடைவீதி முழுக்கச் செத்துப்போனவள் என் கண் முன்னே தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தாள்.

அவளே சிரித்தாள், அழுகையும் சேர்ந்த சிரிப்பு. "நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்றாங்களாம் தம்பி. நாங்க ரெண்டு மாரியாயி. நான் மேட்டு லயத்துக்காரி. செத்துப்போனது அவ, தண்ணிப் பீலிக்கிட்ட இருந்த லயத்துல. தண்ணி புடிக்கப் போன எடத்துல மாரியாயின்னு கூப்புட்டா ரெண்டு பேருமே திரும்பிப் பாப்போம். இனிமே நான் மட்டுந்தான் திரும்பிப் பாக்கணும்."

பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுற புள்ளைங்கதானே நீங்க? நான் இருக்கேன்னு எழுதுங்கப்பா. றம்பொடையில எங்கண்ணன் காளிமுத்து இருக்கு. எனக்கு இந்தச் சீமையில அது ஒண்ணுதான். கேட்டா நெஞ்சு வெடிச்சிரும் அதுக்கு."

அவள் புருஷன் பேரைக் கேட்டாய். இராமன் என்றாள். அண்ணன் எந்தத் தோட்டம், இந்தியாவில் எந்தக் கிராமம் என்றெல்லாம் கேட்டாய். இவ்வளவும் எதற்கு என்று எனக்குப் பொறுமை போனது. அதோடு நீ விடவில்லை. இறந்தவளின் புருஷன் சின்னானைத் தேடிப் போனாய். அவர் சரிந்த மண்ணையே பார்த்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் சாகவில்லை, அவள் ஒருத்திதான் என்பதை அவரிடமும் கங்காணியிடமும் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டாய். பிறகு தயங்கித் தயங்கி, "ஒங்க சம்சாரத்தப் பத்தி எழுதலாங்களா?" என்றாய்.

அவர் திரும்பி உன்னைப் பார்த்தார். "எழுதுங்க தம்பி. ஆனா 'ஒரு பொம்பள செத்தா'ன்னு எழுதிப்புடாதீங்க. வேலைய மேய்க்கிற கண்டாக்கையா அப்படித்தான் தொரைக்கிட்ட சொன்னாரு. அவளுக்குப் பேரு இருக்கு."

நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாய். ஒரே ஒரு சொல்லை அவர் மாற்றச் சொன்னார். 'மனைவி' என்றிருந்த இடத்தில் 'பொஞ்சாதி' என்று போடச் சொன்னார். மாற்றினாய்.

அன்று மாலையே தட்டில் தாளைக் கவிழ்த்தோம். நான் எழுதிய மழையும் மலையும் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நீ எழுதிய முதல் வரி இது: 'மேட்டு லயத்து இராமனின் மனைவியும் இறம்பொடைக் காளிமுத்துவின் தங்கையுமான மாரியாயி உயிருடன் இருக்கிறார்.' அடுத்த வரி: 'மண்சரிவில் இறந்தவர் பீலிக்கரை லயத்துச் சின்னானின் பொஞ்சாதி மாரியாயி. வேறு எவரும் இறக்கவில்லை.'

"செத்தவங்களத்தானேடா மொதல்ல போடணும்? அதுதானே பெரிய செய்தி?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"எது பெருசுங்கறது இல்லடா. இது யாருக்கு அவசரமா வேணும்? அவருக்குத்தான் மொத வரி."

நுவரெலியா, இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் லாரிக்காரரிடம் நல்ல பிரதிகளாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினோம். இறம்பொடையில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒன்றைச் சுவரில் ஒட்டினாராம். காளிமுத்து அதற்குள் சாவுச் சேதி கேட்டு, தங்கைக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போடும் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவரைக் கூப்பிட்டுக் கடைக்காரர் வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் நம்பவில்லை. "மாரியாயின்னு ஆயிரம் பேர் இருப்பாங்க" என்றிருக்கிறார். மறுபடியும் வாசித்தபோது தன் பேரும் மச்சான் பேரும் காதில் விழ, அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாராம்.

இதெல்லாம் அவர் நோர்வூட்டுக்குப் போகும் வழியில் எங்கள் கடைக்கு வந்து சொன்னதுதான். அக்குளில் அந்தச் சேலைப் பொட்டலம் இருந்தது. நீயும் அன்று கடையில் இருந்தாய். "இத இனி என்ன பண்றதுன்னு தெரியல தம்பி. உசுரோட இருக்கவளுக்குக் கோடி போட முடியுமா? வீட்டுல திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் மனசில்ல" என்றார்.

நீ அவருக்குத் தெரிந்திராத ஒன்றை மட்டும் சொன்னாய். "அந்த இன்னொரு மாரியாயிக்குப் பொறந்த வீட்டு ஆளுங்க எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கங்க."

கருமாதியன்று நாம் இருவரும் போனோம். பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று யாரோ கேட்டபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு காளிமுத்து வந்தார். முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு அண்ணனாக நின்று அந்தச் சேலையை வைத்தார். அவர் தங்கை அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். சின்னான் எழுந்து வந்து, "மச்சான்" என்றார்.

அதைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதினேன். நீ படித்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டாய், பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு வரி விட்டாய்: 'இறம்பொடையிலிருந்து வந்த காளிமுத்து, இறந்த மாரியாயிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வைத்தார்.' அந்த முறை நான் சண்டை பிடிக்கவில்லை.

பள்ளி முடிந்ததும் நீ கொழும்பில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனாய். நெஞ்சுச் சளியோடு போன தையில் திரும்பி வந்தாய். பங்குனியில் போய்விட்டாய். இப்போது நான் கடையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரப் பத்திரிகைக்கு மலைநாட்டுச் செய்தி எழுதுகிறேன். உன் மரணச் செய்தியையும் நான்தான் எழுதவேண்டியிருந்தது. 'நோர்வூட்டில் பிறந்த' என்று எழுதிவிட்டு, ஏனோ பேனா ஓடாமல் உன் அப்பாவிடம் கேட்கப் போனேன். அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, எதையும் யோசித்துப் பேசுபவர். அன்று யோசிக்கவே இல்லை.

"நோர்வூட்டுல இல்ல தம்பி. இங்க வர்றதுக்குக் கப்பலுக்குக் காத்துக் கெடந்தோமே, கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் கேம்பு, அங்க பொறந்தான். அவங்கிட்ட சொன்னதில்ல. இந்த மண்ணுல பொறந்தோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

கடைக்குத் திரும்பி, எழுதியிருந்த வரியை அடித்தேன். பிறகு இப்படி எழுதினேன்: 'பிறந்தது மண்டபத்தில் என்கிறார் தந்தை. நோர்வூட்டைத் தன் ஊர் என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.' இரண்டும் உண்மை. நீ இருந்திருந்தால் அடித்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் இன்றும் செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் பற்றிச் சொல்லிக்கொண்டே அரிசி வாங்குகிறார்கள். நான் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. எந்தத் தோட்டம், யார் மகள், யார் பொஞ்சாதி என்று மட்டும் கேட்கிறேன். மாலையில் மூட்டம் இறங்கும் நேரம், கீழ்ப்பாதையில் யாரோ யார் பேரையோ சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்கும். உடனே கடை வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போகிறேன்.