கம்பெனி வேனில் நடந்த பள்ளிக்கூடக் கூட்டம்

மதினி,

இன்று காலை வேனில் ஒரு தூக்குச்சட்டிகூடச் சத்தம் போடவில்லை. ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் புதிதாகத் தார் போட்டுவிட்டார்கள். பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சந்தோஷமாக வந்தார்கள். நான் மட்டும் ஜன்னல் வழியே குழியைத் தேடிக்கொண்டு வந்தேன். இன்று பள்ளிக்கூடக் கூட்டம், நடத்த வேண்டியவள் நான். குழி இல்லாத ரோட்டில் எப்படிக் கூட்டம் நடத்துவது என்று சொல்லாமலே போய்விட்டீர்களே!

நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, இனியும் குறைந்தால் பூட்டுதான் என்று பெரிய டீச்சர் கையைப் பிசைந்தாரே, அந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீங்கள் தலைவி. டீச்சர் மத்தியானம் கூட்டம் போடுவார். ஊரே ஆலையில் இருக்கும். வாசலில் படுத்திருக்கும் நாய் மட்டும் தவறாமல் கலந்துகொள்ளும். "ஆளு எங்கன இருக்கோ அங்கன கூட்டத்தப் போடுவோம்" என்று சொல்லி, டீச்சரைக் காலை வேனில் ஏற்றிவிட்டீர்கள்.

கக்கூஸுக்குக் கதவு வேண்டும் என்று தொடங்கிய பேச்சு சண்டையாகி, பாதி வழியில் இறங்க வேண்டிய டீச்சர் ஆலை வாசல்வரை வந்துவிட்டார். எல்லோரிடமும் செல்போனை வாங்கி வைத்த வாட்ச்மேன் அவரிடமும் கையை நீட்டினார். "புதுசா சேந்திருக்கீகளா? சோத்துச்சட்டி எங்க?" நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே டிரைவரிடம், "அண்ணே, மணி அடிக்கிறதுக்குள்ள டீச்சரக் கொண்டுபோயி விட்டுருங்க" என்றீர்கள்.

அடுத்த கூட்டத்தில்தான் உங்கள் வேலையைக் காட்டினீர்கள். என் மகளைச் சிவகாசியில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தேன். டை கட்டி மஞ்சள் வேனில் அவள் ஏறுவதைக் கனவிலேயே பலமுறை பார்த்துவிட்டேன். "டை கட்டுன பிள்ளையும் மூக்கச் சட்டையிலதான் தொடைக்குது" என்றீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்களோ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெரிய குழிகள் தொடங்கும் கருவேல மரம் வந்ததும் எழுந்து நின்றீர்கள்.

"நம்ம பிள்ளைக அம்புட்டும் நம்ம பள்ளிக்கூடத்துலதான். வேண்டாங்கிறவுக கையத் தூக்குங்க!"

வேன் துள்ளியது. ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் கம்பி. தூக்குவதற்கு எனக்கு மூன்றாவது கை இல்லை.

"ஒருத்தரும் வேண்டாங்கல. எழுதிக்கோங்க டீச்சர்." டீச்சருக்கும் எழுதக் கை இல்லை.

ஒரு வாரம் வேனில் உங்கள் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போனேன். நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தினமும் ஆங்கிலம் வாசிக்க வைக்கச் சொல்லி டீச்சரை அரித்தெடுத்தீர்கள். கதவும் குடிதண்ணீரும் வரும்வரை ஒன்றிய அலுவலக வாசலில் எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். இப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கிற என் மகள், பட்டாசுப் பெட்டியில் உள்ள ஆங்கிலத்தை வாசித்துவிட்டு, பட்டாசு கொளுத்தும்போது பெரியவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கே சட்டம் பேசுகிறாள்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் இடத்துக்கு என்னைப் போடலாமா என்று டீச்சர் கேட்டதும் அதே குழிகளில்தான். உங்கள் வித்தையை அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

மகளின் வகுப்பு வெளியேறுகிறது. புதிதாகப் பிள்ளைகள் சேராவிட்டால் மறுபடியும் பூட்டுப் பேச்சுதான். வேனில் இருக்கிற இளம் தாய்மார் பலருக்கும் அதே மஞ்சள் வேன் கனவு. இன்று கருவேல மரம் வந்தது. ரோடு வழவழவென்று கிடந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, நீங்கள் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டுப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், துளியும் ஆடாத வேனில், தூக்குச்சட்டிகளை மடியில் வைத்தும் முழங்கையில் மாட்டியும், எல்லோரும் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள்கூட.

"ஒருத்தரும் வேண்டாங்கல. எழுதிக்கோங்க டீச்சர்" என்றேன். இன்றும் டீச்சருக்கு எழுதக் கை இல்லை, மதினி.