படுதாவுக்குப் பின்னால் பதினாறு வருஷம்

1978 மார்ச் 6
தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் சாக்கு எண்ணுவது என் வேலை. இன்றும் எண்ணினேன். மதியம் ஆஸ்பத்திரி. நெஞ்சில் நிழல் தெரிகிறதாம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்க வேண்டுமாம். மே மூன்றாம் தேதி. சீட்டை என் மனைவி அம்சவல்லி சாமி படத்தடியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 7
பயம்தான். வேறென்ன.

மார்ச் 11
மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அதே புராண நாடகம். பதினாறு வருஷமாகப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். ராஜா வேஷம் லோரி டிரைவர் வேலப்பன். ஒரு வரி மனப்பாடம் கிடையாது. நான் முணுமுணுப்பேன், அவன் முழங்குவான், கைத்தட்டலும் அவனுக்கே.

என் சொந்த நாடகமும் அத்தனை வருஷமாகத் தலைக்குள்ளேயே கிடக்கிறது. ஏன் எழுதவில்லை? சோம்பேறி. வேறு பெயர் இல்லை.

மார்ச் 26
எழுதி முடித்தேன். சிவப்பு அடையாள அட்டையோடு முப்பது வருஷம் மலேசியக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஒரு தகப்பன் கதை.

கோயில் தலைவர் தங்கையா கங்காணியிடம் கொண்டுபோனேன். "ராஜா இல்லாம என்னாய்யா நாடகம்? அடுத்த வருஷம் பாக்கலாம் லா" என்றார். அடுத்த வருஷம் நான் இருப்பேனா? அழுதுவிட்டேன். மானம் போச்சு. கங்காணி பயந்துபோய்ச் சரி என்றார்.

ஏப்ரல் 15
ஒத்திகை. தகப்பன் வேஷம் வேலப்பனுக்கு. வரி நிற்கவே இல்லை. "பின்னாடி நீங்க இருக்கீங்கள்ல அண்ணே, அப்புறம் என்னா கவலை?" நானே பழக்கிவிட்ட வியாதி.

மே 1
நேற்று சாயங்காலம் அரங்கேறியது. மூன்றாம் காட்சியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வசனம் போகவில்லை. வேலப்பன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். கூட்டம் சிரிக்கிறது. ஐயோ, போச்சே, எல்லாம் போச்சே - படுதாவை விலக்கிக்கொண்டு மேடைக்கே போய்விட்டேன். தகப்பன் பேச வேண்டியதை நானே பேசினேன், இருமி இருமி. நோட்டைப் பார்க்கவே இல்லை. வேலப்பன் கெட்டிக்காரன், சட்டென்று மகனாகி என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

சிரிப்பு நின்றது. முன் வரிசையில் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இருமல்கூட நல்லா நடிச்சீங்க" என்றாள் அம்சவல்லி.

மே 9, ஈப்போ
அறுத்தாயிற்று. முடிவு தெரிய இன்னும் பத்து நாள் ஆகுமாம். இரண்டாவது நாடகத்தில் மூன்று காட்சி எழுதிவிட்டேன். பக்கத்துக் கட்டில் ரெங்கசாமிக்குத் துரை வேஷம் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தையல் பிரித்ததும் ஒத்திகை.