சிவக்காத ஆரத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கிலாந்திலிருந்து உன் மகள் அருணா வணக்கத்தோடு எழுதுவது. நீயும் அப்பாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடிப்பாய், அதனால்தான் கடிதம்.

இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. இந்தியாவும் காமன்வெல்த் நாடு, அதனால் நமக்கும் ஓட்டு உண்டு. எங்கள் வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள் என்பதால் ஆளுக்கு மூன்று ஓட்டு. தேர்தலுக்கு முன்னால் ஒரு வேட்பாளர் அம்மாள் நோட்டீஸோடு கதவைத் தட்டினார். நான் குடிவந்த பிறகு இந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர்தான். "வாங்க, வாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். நம்மூர் வல்லத்திராக்கோட்டைப் பழக்கம் விடுமா? மஞ்சளைக் கரைத்து ஆரத்தி எடுத்தேன். சுண்ணாம்பு இல்லாததால் தண்ணீர் சிவக்கவில்லை. முதலில் மிரண்டவர், பிறகு சிரித்துக்கொண்டே அசையாமல் நின்றார்.

ஓட்டுச்சாவடியில் மை வைக்க விரலை நீட்டினேன். இங்கே மையே கிடையாதாம்! அந்த அம்மாளுக்கு ஒரு ஓட்டுப் போட்டேன். வேறு யாரும் வீடு தேடி வரவில்லை, அதனால் மற்ற இரண்டையும் யாருக்கும் போடவில்லை. அவர் தோற்றுவிட்டார். நம்மூரில் தோற்றவர்கூட வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். இவர் வரவில்லை.

அடுத்த பார்சலில் வீட்டு மஞ்சளோடு சுண்ணாம்பு டப்பாவும் வை. யாராவது வந்தால் வேண்டியிருக்கும்.

டூட்டிக்குப் போகிற பஸ் வந்துவிடும், நிறுத்துகிறேன். அன்றைக்கு வாசற்படியில் ஊற்றிய ஆரத்தியின் மஞ்சள் கறை இன்னும் அழியவில்லை. மிதிக்க ஆள் இல்லை. நானும் தாண்டித்தான் போகிறேன்.

உன் அருணா